மகள் என் பயத்தை எங்கே படித்தாள்?

இம்முறை வந்த கடிதங்களில் ஊர் வேறு, வயது வேறு, வீட்டுச் சூழல் வேறு. கேள்வி மட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. நெருக்கடி வரும்போது அலறுவதையும், பதறுவதையும், வாயை இறுக மூடிக்கொள்வதையும் நம் பிள்ளைகள் யாரிடமிருந்து கற்கிறார்கள்? நான் மதுரையில் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக வேலை பார்ப்பவள். என் அறைக்கு வரும் பெற்றோர் ஏதோ ஒரு வடிவத்தில் இதைக் கேட்காமல் போவதில்லை. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் நான்கு வயது மகள் பல்லியைக் கண்டால் கட்டிலின் மேல் ஏறி நின்று அலறுகிறாள். எனக்கும் சிறு வயதிலிருந்தே பல்லி என்றால் பயம். ஆனால் அவளிடம் "பயப்படு" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "அது ஒன்றும் செய்யாதும்மா" என்றுதான் சொல்வேன். என் மாமியார், "தாயின் ரத்தம் அப்படி" என்கிறார். பயம் ரத்தத்தில் வருமா?
— ஒரு வாசகி, தேனி

பதில்: சகோதரி, எளிதில் பதறும் சுபாவம் ஓரளவு பரம்பரையாக வரக்கூடியது. அந்த அளவுக்கு உங்கள் மாமியார் சொல்வதை ஏற்கலாம். ஆனால் குறிப்பாகப் பல்லியைக் கண்டு, குறிப்பாகக் கட்டிலின் மேல் ஏறி நிற்பது ரத்தத்தில் வந்திருக்க முடியாது. நீங்களும் கட்டிலின் மேல்தான் ஏறுவீர்களா? காரணத்தோடுதான் கேட்கிறேன். பிறரைப் பார்த்துக் கற்ற பயத்தோடு அதன் சேஷ்டைகளும் வந்து சேர்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எங்கே ஓடுவது, கையை எங்கே வைத்துக்கொள்வது, என்ன சத்தம் போடுவது என்பது வரை அப்படியே இருக்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் சூசன் மினேகா என்ற உளவியல் பேராசிரியையும் அவருடைய குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் மாமியார் சொன்னதற்கு நேராகவே பதில் சொல்கிறது. காட்டில் பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பு என்றால் குலை நடுங்கும். அந்தக் குரங்குகளுக்கு ஆய்வுக்கூடத்தில் பிறந்த பிள்ளைகளுக்கோ பாம்பைக் கண்டு பயமே இல்லை. பாம்புக்கு அப்பால் வைத்த தின்பண்டத்தைக் கையை நீட்டி எடுத்துக்கொண்டன. பெற்றோரின் ரத்தம் ஓடியும் பயம் வரவில்லை. பிறகு அந்தப் பிள்ளைகள் பார்க்கும்படி பெற்றோரின் முன் பாம்பைக் காட்டினார்கள். பெற்றோர் மிரண்டு பின்வாங்குவதைச் சில நிமிடங்கள் பார்த்ததுதான் தாமதம், 6 இளம் குரங்குகளில் 5 பாம்பைக் கண்டு அதே போல் மிரளத் தொடங்கின. எந்தப் பாம்பும் அவற்றைத் தொடவில்லை. 3 மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்தப் பயம் குறையாமல் இருந்தது.

மனிதக் குழந்தைகள் இதற்கு ஒரு வயதிலேயே தயாராகிவிடுகிறார்கள். 1985-இல் ஜேம்ஸ் சோர்ஸ், ஜோசப் காம்போஸ் முதலியோர் செய்த சோதனையை நான் பெற்றோர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. மேஜை போன்ற ஓர் அமைப்பு. அதன் மேல் முழுவதும் கனத்த கண்ணாடி. பாதி தூரம் வரை கண்ணாடியை ஒட்டியே கட்டம் போட்ட துணி இருக்கும். அதன் பிறகு துணி சுமார் 30 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். தவழ்ந்து வரும் குழந்தைக்கு அங்கே ஒரு பள்ளம் இருப்பது போலத் தெரியும். பெரிய பள்ளமும் இல்லை, சமதரையும் இல்லை. போகலாமா வேண்டாமா என்று குழந்தை தயங்குகிறது. தயங்கியதும் எதிர்ப்பக்கம் நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. மலர்ந்த முகத்தைப் பார்த்த 19 குழந்தைகளில் 14 கடந்து வந்துவிட்டன. பயந்த முகத்தைப் பார்த்த 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. அந்தத் தாய்மார்கள் யாரும் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அது ஒன்றும் செய்யாதும்மா" என்ற உங்கள் சொல் ஏன் பலிக்கவில்லை என்பது இதிலிருந்து புரியும். அதைச் சொல்லும்போது உங்கள் தோள் உயர்ந்திருக்கும், குரல் மெலிந்திருக்கும், கண் சுவரை விட்டு நகர்ந்திருக்காது. நாலு வயதுப் பிள்ளை அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் உங்கள் சொல்லுக்கே வருகிறது. அதிலும் நம் ஊரில் பல்லிக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் பலன் தேடி ஓடும் பெரியவர்களின் முகமும் அவள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்தான்.

உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். ஊர்வனவற்றைப் பற்றிய பயம் மற்றப் பயங்களைவிட எளிதில் ஒட்டிக்கொள்ளும். மினேகாவும் மைக்கேல் குக்கும் 1989-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு குரங்கு மிரளும் காட்சியை வீடியோவில் வெட்டி ஒட்டி, அது பொம்மைப் பாம்பைப் பார்த்து மிரள்வது போலவும், பூவைப் பார்த்து மிரள்வது போலவும் காட்டினார்கள். பார்த்த குரங்குகள் பாம்பின் மேல் பயம் கொண்டன. பூவின் மேல் கொள்ளவில்லை. பொம்மை முதலைக்கும் பயந்தன, பொம்மை முயலுக்குப் பயப்படவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பல்லிக்குப் பயப்படாதவர் யார்? கணவரா, மாமனாரா, எதிர்வீட்டு அக்காவா? பல்லி வரும் மாலை நேரத்தில் அவர் பக்கத்தில் உங்கள் மகள் உட்காரட்டும். பூச்சியை எப்படிப் பாய்ந்து பிடிக்கிறது, வால் அறுந்தாலும் எப்படித் துடிக்கிறது என்று அவர் ஆசையாகக் காட்டட்டும். பயப்படாத குரங்குகளை முதலில் நன்றாகப் பார்த்துப் பழகியவற்றில் பெரும்பாலானவை, பிறகு மிரளும் குரங்கைப் பார்த்தபோதும் மிரளக் கற்கவில்லை என்பதையும் மினேகாவும் குக்கும் கண்டிருக்கிறார்கள். எனவே இரண்டு வயதில் தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் அவர்களையும் சேர்த்து உட்கார வையுங்கள்.

நீங்கள் பல்லியைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை வரும்போது, "எனக்குப் பல்லி பிடிக்காது. இந்தத் துடைப்பத்தால் ஜன்னல் பக்கம் ஓட்டிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, பயத்தோடேயே அதைச் செய்யுங்கள். கட்டிலின் மேல் ஏறாமல் தரையில் நிற்பதே பெரிய மாற்றம். குழந்தையை இழுத்துக்கொண்டு போய்த் தொட வைப்பது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: எனக்கு வயது 78. எங்கள் காலத்தில் பிள்ளைகளின் முன் எப்படி நடக்க வேண்டும் என்று யாரும் ஆலோசனை கேட்டதில்லை. எட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் தானாக வளர்ந்தோம். இப்போதுதான் இத்தனை நுணுக்கம் பார்க்கிறார்கள்.
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, நீங்கள் வளர்ந்த வீட்டில் ஒரு வசதி இருந்தது. இடி இடித்து அம்மா பதறினால், பார்க்கப் பாட்டியின் முகம் இருந்தது. பாட்டியும் பதறினால், திண்ணையில் அசையாமல் வெற்றிலை மடிக்கும் பெரியப்பாவின் முகம் இருந்தது. மூன்று பேர் வாழும் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தேர்வு இல்லை. இருக்கும் இரண்டு முகங்களும் ஒரே நேரத்தில் கைப்பேசியில் எதையோ படித்து வெளிறினால் அது வேறு எங்கே பார்க்கும்? நுணுக்கம் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

அந்தக் கால வீட்டிலும் பாடம் நடந்துகொண்டுதான் இருந்தது. தாத்தாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் சமையலறையில் பேச்சு நிற்கும். அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் பலர் அறுபது வயதிலும் மேலதிகாரி அறைக்குள் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

உங்களைவிட மூத்த தலைமுறையின் அனுபவம் ஒன்றும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தபோது, குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் அங்கே ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் குழந்தைகளுக்கான காப்பகங்களை நடத்தினார்கள். குண்டு விழுந்ததை நேரில் கண்ட சிறுபிள்ளைகளில் சிலர் அமைதியாக இருந்தார்கள், சிலர் நடுங்கினார்கள். அந்த வேறுபாடு பெருமளவு தாயின் நிலையைப் பொறுத்திருந்ததை அவர்கள் அப்போதே எழுதிவைத்தார்கள். தலைக்கு மேல் குண்டு விழும்போதும் குழந்தை பார்த்தது அம்மாவைத்தான்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் போட்டு பவர் டேபிள் வேலை எடுத்துச் செய்கிறேன். கணவர் இல்லை. ஆர்டர் குறைந்துவிட்டதால் வங்கித் தவணை கட்ட முடியாமல் திணறுகிறேன். ஒன்பது வயது மகனிடம் எதையும் காட்டிக்கொள்வதில்லை. அவன் முன்னால் சிரித்துக்கொண்டே இருப்பேன். ஆனாலும் அவன் நகத்தைக் கடிக்கிறான், இரவில் எழுந்து வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். "ஒன்றும் இல்லை" என்று எத்தனை முறை சொன்னாலும் நம்புவதில்லை. இன்னும் நன்றாக மறைக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தங்கச்சி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தனியாக ஒரு வீட்டையும் தொழிலையும் தாங்கிக்கொண்டு, பிள்ளைக்காகச் சிரிக்கவும் செய்கிறாயே, அந்தப் பாடு சாதாரணமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இப்போது உன் நோக்கத்துக்கு எதிராக வேலை செய்கிறது.

சாரா வாட்டர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2014-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளைத் தாயிடமிருந்து சிறிது நேரம் பிரித்துவைத்தார்கள். அந்த நேரத்தில் சில தாய்மார்களை, முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையை ஆட்டும் இரண்டு பேர் முன்னால் பேச வைத்தார்கள். படபடப்போடு திரும்பிய தாய் குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டதும், அவள் பட்ட பாட்டைக் கண்ணால் காணாத அந்தக் குழந்தையின் இதயத்துடிப்பும் அவளைத் தொடர்ந்து மாறத் தொடங்கியது. தாய் எந்த அளவுக்குக் கலங்கியிருந்தாளோ அந்த அளவுக்குக் குழந்தையிடமும் மாற்றம் தெரிந்தது.

அதே வாட்டர்ஸ் 2020-இல் செய்த ஆய்வு உனக்காகவே செய்தது போல இருக்கிறது. இம்முறை 7 முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகள். பெற்றோரை முதலில் பதற்றப்படும்படி செய்துவிட்டு, பிறகு பிள்ளையோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்யச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும், "உள்ளே இருப்பதை வெளியே காட்டாதீர்கள்" என்றார்கள். அப்படி மறைத்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் பதற்றத்தின் உடல் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. அவர்கள் சேர்ந்து வேலை செய்த வீடியோவைப் பார்த்த வெளியாட்கள், மறைத்த பெற்றோரிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் ஒட்டுதல் குறைவாக இருந்ததாகச் சொன்னார்கள். மறைப்பதற்கே முழுப் பலமும் போய்விட்டால் பிள்ளையோடு இருப்பதற்கு என்ன மிஞ்சும்?

உன் மகனுக்கு ஏதோ சரியில்லை என்பது தெரிந்துவிட்டது. அது என்ன என்பதுதான் தெரியவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை அந்த வெற்றிடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அம்மாவுக்கு நோயோ, அம்மாவும் போய்விடுவாளோ, தான் ஏதாவது தப்புச் செய்துவிட்டோமோ என்று போகும். அப்பா இல்லாத வீட்டில் அவன் இரவில் எழுந்து வந்து உன் பக்கத்தில் படுப்பதை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

என் அப்பா வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு அரசு பஸ் ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் சில நாள் அவரோடு போவேன். மலையிலிருந்து இறங்கும்போது ஒருமுறை டம் டம் பாறைக்குச் சற்று மேலே பிரேக் சூடாகி, கருகிய வாடை வண்டிக்குள் வந்தது. பின்னாலிருந்து முணுமுணுப்புக் கிளம்பியது. அப்பா அகலமான இடம் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார். எழுந்து நின்று, பயணிகளைப் பார்த்து, "பிரேக் சூடாகிவிட்டது. எனக்கும் இந்த நிலையில் இறங்க மனம் ஒப்பவில்லை. கால் மணி நேரம் ஆறட்டும். அதன் பிறகு இரண்டாவது கியரிலேயே மெதுவாக இறங்குவோம். அவசரமாகப் போக வேண்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார். சக்கரத்தின் முன்னால் கல் வைத்தார். ஒரு பாட்டியம்மாள் கூடையைத் திறந்து எல்லோருக்கும் பேரிக்காய் கொடுத்தார். அப்பாவின் கை லேசாக நடுங்கியதை முன் இருக்கையிலிருந்து நான் பார்த்தேன். கை நடுங்கும்போதே கல் வைக்கலாம் என்பதையும் பார்த்தேன். இன்று வரை நெருக்கடி வந்தால் நான் செய்வது அதுதான்: நிறுத்துவது, என்ன நடந்தது என்று வாய்விட்டுச் சொல்வது, அடுத்த வேலையைச் சொல்வது.

உன் மகனிடம் இப்படிச் சொல்லிப் பார். "அம்மாவுக்கு இந்த மாதம் ஆர்டர் குறைவு. அதனால் கவலையாக இருக்கிறது. உன்னால் எதுவும் நடக்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை வங்கிக்குப் போய் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கப் போகிறேன்." இவ்வளவு போதும். கடன் தொகை, வட்டி, யார் எப்படி மிரட்டினார்கள் என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாம். அவற்றை உன் அண்ணனிடமோ தோழியிடமோ கொட்டு. பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொண்டு அழுது தீர்ப்பது, மறைப்பதைவிடப் பெரிய சுமையை அவன் தலையில் ஏற்றும்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போய் வந்ததும் என்ன ஆனது என்பதையும் அவனிடம் சொல்ல மறக்காதே. "முடியாது என்றார்கள், வேறு வழி பார்க்கிறேன்" என்பதாக இருந்தாலும் சொல். பல பெற்றோர் கவலையின் தொடக்கத்தை மட்டும் பிள்ளைக்குக் காட்டிவிட்டு முடிவைக் காட்டாமல் விடுகிறார்கள். கவலைப்பட்டவர் அடுத்து என்ன செய்தார் என்பதைப் பார்க்காத பிள்ளை, கவலையை மட்டும்தான் கற்கும்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தினமும் நான்தான் வீட்டுப்பாடம் சொல்லித்தருகிறேன். இப்போது அவளும் கணக்கு நோட்டை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறாள்.
— ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: வயிறு வலி பொய்யாக இருக்காது. பயத்துக்கு அது வழக்கமான இடம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் சையன் பைலாக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கல்வியாண்டு முழுவதும் கவனித்தார்கள். கணக்குப் பயம் உள்ள பெற்றோரின் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகக் கற்றார்கள், ஆண்டு முடிவில் பயமும் கூடுதலாக இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவி செய்தால் மட்டுமே அப்படி. உதவி குறைவாக இருந்த வீடுகளில் பெற்றோரின் பயம் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. அதே குழு 2010-இல் ஆசிரியைகளிடமும் இதைக் கண்டது. கணக்குப் பயம் உள்ள ஆசிரியையின் வகுப்பில், ஆண்டு முடிவில் சிறுமிகள் பலருக்கு "கணக்கு ஆண்களுக்குத்தான் வரும்" என்ற எண்ணம் கூடியிருந்தது. அப்படி நினைத்த சிறுமிகளின் மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. அந்த வகுப்புச் சிறுவர்களை அது பாதிக்கவில்லை. பெண்பிள்ளை பெண்ணைப் பார்த்துத்தான் தன் இடத்தை அளக்கிறது.

எனவே சில மாதங்களுக்குக் கணக்கு வீட்டுப்பாடத்தைச் சித்தப்பாவிடமோ பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடமோ விட்டுவிடுங்கள். "எனக்கும் வராது, உனக்கும் வராது" என்ற பேச்சு அடியோடு நிற்கட்டும். நீங்கள் காய்கறிக் கடையில் மனக்கணக்காகச் சில்லறை சரிபார்ப்பீர்கள் அல்லவா? அதை வாய்விட்டுச் செய்யுங்கள், அவள் பக்கத்தில் நிற்கும்போது.

கேள்வி: தொலைக்காட்சியில் வெள்ளம், விபத்துச் செய்திகள் ஓடும்போது பிள்ளைகளை அறையைவிட்டு அனுப்ப வேண்டுமா?
— வாசகர், கடலூர்

பதில்: ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை, ஆம். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, அது மறுபடி மறுபடி நடப்பதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து கொஞ்சம் பார்த்துவிட்டு, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். கடலூர்க்காரர்களுக்குப் புயல் புதிதில்லை. டார்ச், மருந்து, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் பிள்ளையையே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பொதுத்தேர்வு நாளில் ஒரு மாணவி அழத் தொடங்கினால் வராண்டா முழுவதும் பரவிவிடுகிறது. நன்றாகப் படித்தவர்கள்கூட நடுங்குகிறார்கள். எப்படித் தடுப்பது?
— ஆசிரியர், விழுப்புரம்

பதில்: தம்பி, பரவுகிறது என்று நீங்கள் எழுதியது உடலளவிலேயே உண்மை. ஜெர்மனியில் வெரோனிகா எங்கர்ட் முதலியோர் 2014-இல் ஒருவரைக் கடினமான நேர்காணலிலும் மனக்கணக்கிலும் சிக்கவைத்து, இன்னொருவரை அதைச் சும்மா பார்க்கவைத்தார்கள். பார்த்தவர்களில் 26 சதவீதம் பேருக்குக் கார்டிசால் என்னும் பதற்ற ஹார்மோன் கணிசமாக உயர்ந்தது. பார்த்தவர் வாழ்க்கைத்துணையாக இருந்தால் 40 சதவீதம், முன்பின் அறியாதவராக இருந்தால் 10 சதவீதம். நேரில் பார்க்காமல் வீடியோவில் பார்த்தவர்களிலும் 24 சதவீதம் பேருக்கு உயர்ந்தது.

நெருங்கியவர்களிடையே அதிகம் பரவுகிறது என்பதுதான் உங்களுக்கு உதவும் செய்தி. உயிர்த்தோழிகள் கடைசி அரை மணி நேரம் ஒன்றாக நின்று, "அந்தக் கேள்வி படித்தாயா?" என்று ஒருவரையொருவர் சோதித்துக்கொள்வதை நிறுத்துங்கள். அழும் மாணவியைக் கூட்டத்தின் நடுவே வைத்துத் தேற்றாதீர்கள். ஒரு ஆசிரியை அவளைத் தனியே அழைத்துப்போய் முகம் கழுவவைக்கட்டும். அன்று காலை நீங்களும் சக ஆசிரியர்களும் எந்த வேகத்தில் நடக்கிறீர்கள், ஹால் டிக்கெட்டை மறந்து வந்த பையனிடம் எந்தக் குரலில் பேசுகிறீர்கள் என்பதை வராண்டா முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பையனிடம் நீங்கள் நிதானமாக, "இப்போது அலுவலகத்துக்குப் போவோம், அங்கே இதற்கு வழி கேட்போம்" என்று சொன்னால், அது அவனுக்கு மட்டும் சொன்னதாக இருக்காது.

கேள்வி: மகனுக்குப் பள்ளி என்றாலே பயம். ஆலோசகரிடம் கூட்டிப்போனால் அவனைவிட என்னிடமும் என் மனைவியிடமும்தான் அதிகம் பேசுகிறார். சிகிச்சை அவனுக்கா, எங்களுக்கா?
— வாசகர், சேலம்

பதில்: அவனுக்குத்தான், உங்கள் வழியாக. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ், பிள்ளையைச் சந்திக்காமலே பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, பிள்ளையின் பதற்றத்தைக் குறைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார். பிள்ளைக்கு நேரடியாகக் கொடுக்கும் வழக்கமான சிகிச்சைக்கு அது குறைந்ததில்லை என்று அவருடைய ஆய்வு காட்டியது. பழி சொல்வதற்காக உங்களை உட்காரவைக்கவில்லை. அவன் வாரத்தில் ஒரு மணி நேரம் ஆலோசகரைப் பார்க்கிறான், மற்ற நேரமெல்லாம் உங்களைத்தான் பார்க்கிறான். தொடர்ந்து போங்கள்.

கேள்வி: என் அம்மா கோபமோ கவலையோ வந்தால் பாத்திரங்களை 'ணங்' என்று வைப்பார். பிறகு இரண்டு நாள் யாரிடமும் பேசமாட்டார். சின்ன வயதில் அதை வெறுத்தேன். திருமணமாகி ஓராண்டு ஆகிறது. இப்போது நானும் அதையே செய்கிறேன். அதே பாத்திரம், அதே மௌனம். ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். என் குழந்தையும் இப்படித்தான் வருமா? நினைத்தால் தூக்கம் வரவில்லை.
— ஒரு வாசகி, கோவை

பதில்: மகளே, வெறுத்ததையும் கற்கிறோம். விரும்பினால்தான் கற்போம் என்று எந்த விதியும் இல்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதையும் திட்டுவதையும் பார்த்த குழந்தைகள், பிறகு அந்தப் பெரியவர் இல்லாத வேறோர் அறையில் அதே அடியையும் அதே வசவுகளையும் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அம்மாவின் 'ணங்'கும் மௌனமும் அப்படித்தான் உங்கள் கைக்கு வந்தன. கவலை வந்தால் வேறு என்ன செய்யலாம் என்று அந்தச் சமையலறையில் யாரும் உங்களுக்குக் காட்டவில்லை.

அதே பண்டூரா 1967-இல் இதன் மறுபக்கத்தையும் காட்டினார். நாய்க்குப் பயந்த 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு, பயமில்லாத ஒரு சிறுவன் நாயோடு படிப்படியாக நெருங்கி விளையாடுவதைச் சில நாள் காட்டினார். பிறகு அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் நாயோடு ஒரே அடைப்புக்குள் தனியே இருக்கத் துணிந்தார்கள். பார்த்து வந்தது, பார்த்துப் போகவும் செய்கிறது. உங்களுக்கு அந்தச் சிறுவன் யார்? கணவர் வீட்டில் சண்டைக்குப் பிறகு முதலில் பேசத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா? நாத்தனாரோ, அலுவலகத் தோழியோ? அவர் எந்த வார்த்தையோடு மீண்டும் பேச்சைத் தொடங்குகிறார் என்று கவனியுங்கள். அந்த வார்த்தையை அப்படியே கடன் வாங்குங்கள். முதலில் செயற்கையாகத்தான் இருக்கும்.

குழந்தையின் முன் சண்டையே வராமல் வாழ முடியாது, அதற்காகப் பயப்படாதீர்கள். பெற்றோர் சண்டையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மார்க் கம்மிங்ஸ், சண்டை தீர்ந்ததைப் பார்க்கும் பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்துவிடுவதைத் திரும்பத் திரும்பக் கண்டார். நம் வீடுகளில் சண்டை கூடத்தில் நடக்கிறது, சமாதானம் கதவடைத்த அறைக்குள் நடக்கிறது. பிள்ளைக்கு முதல் பாதி மட்டுமே கிடைக்கிறது. உங்கள் இருவருக்கும் இதை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ள இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. பாத்திரத்தை வைத்த அதே இடத்தில் நின்று, "கோபத்தில் அப்படி வைத்துவிட்டேன், வாடகை விஷயம்தான் மனதில் ஓடுகிறது" என்று சொல்லுங்கள். இரண்டு நாள் மௌனம் முதலில் ஒரு மாலையாகக் குறையட்டும், பிறகு ஒரு மணி நேரமாக.

தூக்கம் வராதது தொடர்ந்தால் அதை இந்தப் பக்கத்தோடு விட்டுவிடாதீர்கள். கர்ப்ப காலப் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416-இல் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அடுத்த முறை அம்மா உங்களைப் பார்க்க வரும்போது, அவருடைய அம்மா கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். குற்றம் சாட்டாமல், காய் நறுக்கிக்கொண்டே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.